பதினேழாவது வயிற்றுவலி

பெருந்துறையில் பஸ் இறங்கும்வரை நான் வித்யாவதி,
நாடகத்தில் முதுகலை, கூடவே ஒரு வெள்ளிப் பதக்கம்.
ஒன்பது மணிக்கு மரகதம்.
வயது முப்பத்தொன்று, ஊர் சென்னிமலை, தறி வேலை.
நேற்று ராத்திரி தொப்புளைச் சுற்றிக் கிளம்பிய வலி
விடியும்போது வலது அடிவயிற்றில் இறங்கிக் குடியேறிவிட்டது.
தாளில் அப்படித்தான் இருக்கிறது.
அடியில் கொட்டை எழுத்தில்:
கேட்டால் மட்டும் சொல்லவும்,
வாந்தி இரண்டு முறை.

மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டுப் பரீட்சை.
எட்டு நிமிஷத்துக்கு ஒரு மணி,
மணிக்கு ஒரு மாணவர்.
ஒவ்வொருத்தருக்கும் நான் புதிதாய் வலிக்க வேண்டும்.
முதல் ஆளுக்குக் கொடுத்த முனகல்
ஒன்பதாம் ஆளுக்கும் குறையக் கூடாது,
குறைந்தால் மார்க்கில் அநியாயம்.
அமுக்கும்போதைவிட
கையை வெடுக்கென எடுக்கும்போது அதிகம் துடிக்கணும்.
அங்கே தவறினால் இயக்குநர் கத்துவதோடு போகாது,
நாளைக்கு எவனோ ஒருத்தன்
எவளோ ஒருத்தியின் வயிற்றைத் தப்பாய்ப் படிப்பான்.

கோபியில், ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில்,
இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி பெரியம்மா கேட்டது:
"கூத்துப் படிச்சுப்போட்டு என்ன கண்ணு பண்றே?"
"நோயாளியா இருக்கறனுங்க."
"அய்யோ சாமி, என்ன நோவு?"
"வாரத்துக்கு ஒண்ணுங்க."
பக்கத்து இலைக்காரியிடம் அவர் ஏதோ சொன்னார்.
ரசம் வந்தது.

எங்கள் செட்டில் பதினொரு பேர்.
ரஹீமா, குறிச்சியில், எழுபது வயதுக்காரர்களுக்கு
இடுப்பு உடையாமல் விழக் கற்றுத்தருகிறாள்.
நடனத்துறை ஜெயநந்தினிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி;
ஓவர்லாக் மெஷின்முன் நானூறு பேரைத் தோள் சுழற்ற வைத்து
ஆபீஸில் தனி மேஜை வாங்கிவிட்டாள்.
சிவசெந்தில் மண்டபங்களுக்கு லைட் போடுகிறான்,
மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த மஞ்சள்,
தாலி கட்டும்போது எந்த மஞ்சள் என்பதில்
அவனோடு யாரும் வாய்கொடுக்க முடியாது.
லோகு சென்னைக்குப் போனான். சினிமா.
போன மாசம் எட்டாயிரம் கேட்டான், அனுப்பினேன்.
மற்றவர்கள் பள்ளிக்கூடம், பாங்க், தெரியவில்லை.
நடிக்கிறவர் யாரென்று எண்ணினால்
விரல் மிச்சமாகும்.
எண்ணாமல் இருப்பதும் ஒரு பயிற்சி.

பதினேழாவதாய் வந்தவன்
கதவருகிலேயே நின்றுவிட்டான்.
அந்த முகம் எனக்குத் தெரியும்:
மூன்றாம் காட்சி, விளக்கு ஏறிவிட்டது,
வசனம் போய்விட்டது, சபை இருமுகிறது.
எடுத்துக்கொடுக்க எனக்கு அனுமதி இல்லை.
மூலையில் பேராசிரியர் பேனாவைத் தட்டுகிறார்.
மூச்சை மட்டும் கொஞ்சம் சத்தமாய் விட்டேன், நீளமாய்.
வலிக்கிறவள் விடலாம்தானே.
இன்னொன்று.
மூன்றாவதில் அவன் மூச்சும் வந்து சேர்ந்துகொண்டது.

உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கினான்;
முந்தின பதினாறு பேர் கையும் ஐஸ்.
"எப்பங்க ஆரம்பிச்சுது?"
சரியாய்ப் போனான். வாந்தியைக் கேட்டான்,
இரண்டு முறை என்றேன்.
பிறகு தாளில் இல்லாத ஒன்று:
"கூட யாருங்க வந்திருக்காங்க?"

மரகதத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று
எவரும் எழுதவில்லை.
படித்த காலத்து மேடையிலிருந்து நான் தேடிய
முன்வரிசை சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது,
ஒவ்வொரு தடவையும் அதன்மேல் யாருடைய ஹெல்மெட்டோ.
"யாரும் வரலீங்க" என்றேன்.
குரல் எந்த இடத்தில் பிசகியதோ,
எழுதுவதை நிறுத்தினான்.
"சரிங்க. நான் இருக்கறனுங்க."
மணி அடித்தது.

அதற்கு மார்க் போடக் கட்டமில்லை.
இந்த மருத்துவரிடம் மறுபடி வருவீர்களா என்ற கட்டத்தில்
டிக் அடித்தேன், தாள் கிழிகிற அளவுக்கு.

கணக்குப் பிரிவில் ஆயிரத்து இருநூறு.
வவுச்சரில் 'வேலையின் தன்மை' என்ற இடத்தில்
குமாஸ்தா 'வயிற்றுவலி' என்று எழுதி,
கையெழுத்துக்குத் திருப்பி,
"இப்பத் தேவலைங்களா?" என்றார், சிரிக்காமல்.
அடுத்த செவ்வாய்க்கான தாளையும் கொடுத்தார்.
ஒற்றைத் தலைவலி. வயது முப்பத்தாறு. ஊர் அரச்சலூர்.

பஸ்ஸில் நின்றுகொண்டே, ஈங்கூர் தாண்டும்வரை,
அவளுக்குக் கூட யார் வருவார்களென்று யோசித்தேன்.
ஒரு தங்கச்சியை வைத்தேன்.
வாய் ஓயாதவள்.